காத்திருப்பதும் கைகட்டி நிற்பதும்

மனிதனை அவன் அடைந்தவற்றைக் கொண்டு அளப்பது உலக வழக்கம். அவன் எதனை எதிர்நோக்கி இருக்கிறான் என்பதைக் கொண்டு அளப்பவர் மிகச் சிலரே. ஆயினும், சற்று ஆழ்ந்து நோக்கின், அடைந்த பொருள் அடைந்த அன்றே பழம்பொருளாகத் தொடங்கிவிடுகிறது. எதிர்நோக்கும் பொருளோ நாள்தோறும் நம்முடன் உறங்கி நம்முடன் விழிக்கிறது. ஆகவே, ஒருவன் எதனை ஆவலுடன் எதிர்நோக்கலாம், எதனை எதிர்நோக்குவது அவன் அறிவுக்கும் மானத்திற்கும் இழுக்கு என்னும் வினா எளிய வினாவன்று. பெரியோர் இதனை வீடுபேறு, மறுமை முதலிய பெரும் பொருள்களை வைத்து ஆராய்ந்திருக்கின்றனர். யான் ஒரு சிறு பொருளை வைத்து ஆராயத் துணிகின்றேன். அது ஒரு விளையாட்டு. அதிலும் அவ்விளையாட்டின் இரண்டாம் பிரிவுப் பந்தயங்கள். வாசக அன்பர்கள் நகையாது முடிவுவரை படிக்குமாறு வேண்டுகிறேன்.

மாசி, பங்குனித் திங்கள்களில் எங்கள் தோட்டத்து ரப்பர் மரங்கள் இலையுதிர்த்து வெறுங்கிளையாய் நிற்கும். பால் குறையும், வெட்டும் குறையும், செக்ரோல் எழுதும் எனக்கும் மாலைப்பொழுது சிறிது கைக்குக் கிடைக்கும். அந்நாட்களில் யான் ஆண்டுதோறும் செய்யும் காரியம் ஒன்று உண்டு. இங்கிலாந்துக் கவுண்டிக் கிரிக்கெட்டின் பந்தய அட்டவணையை எடுத்து, இரண்டாம் பிரிவு அணிகள் எந்நாளில் எவ்வூரில் ஆடுகின்றன என்பதை ஒரு பழைய கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்வேன். சம்பள நாள் எது, மாதக் கணக்கு முடிக்கும் நாள் எது என்பதையும் அதன் பக்கத்திலேயே குறித்துக்கொள்வேன். இங்கே மரங்களில் செந்தளிர் தோன்றும் வேளையில் அங்கே ஆட்டம் தொடங்கும்.

கவுண்டி என்பது ஏறக்குறைய நம் ஜில்லாவைப் போன்றதொரு நாட்டுப் பகுதி. கவுண்டிகளுக்கிடையேயான சாம்பியன் பந்தயம் 1890-ஆம் ஆண்டில் முறையாக அமைக்கப்பட்டது. இன்று அதில் 18 கவுண்டிகள் ஆடுகின்றன. அவற்றுள் பதினேழு இங்கிலாந்தைச் சேர்ந்தவை, கிளமார்கன் ஒன்று மட்டும் வேல்ஸ் நாட்டினது. 2000-ஆம் ஆண்டு தொட்டு இவை இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டன. ஒவ்வோர் ஆட்டமும் நான்கு நாள் நடைபெறும். ஏப்ரல் மாதக் குளிரில் தொடங்கிச் செப்டம்பரில் முடியும். நான்கு நாள் ஆடியும் வெற்றி தோல்வியின்றி முடிவதுண்டு. மழையினால் ஒரு பந்தும் வீசப்படாது நாள் கழிவதும் உண்டு. காற்பந்தில் தொண்ணூறு நிமிடத்திற்குள் முடிவு காணப் பழகிய நம் தோட்டத்து இளைஞர்க்கு இது பொறுமையைச் சோதிக்கும் காரியமே.

அங்கே காலை 11 மணிக்கு ஆட்டம் தொடங்கும்போது இங்கே மாலை 6 மணி. கவுண்டிச் சங்கங்கள் பலவும் அண்மை ஆண்டுகளில் தம் ஆட்டங்களைக் கட்டணமின்றி இணையத்தின் வழியே காட்டி வருகின்றன. உள்ளூர் வானொலியாரின் வருணனையும் அதனோடு வரும். கம்பளிச் சட்டை அணிந்த முதியோர் சிலர் தொலைவு தொலைவாக அமர்ந்திருப்பர். ஒருவர் மடியில் ஓட்டக் கணக்கு எழுதும் தாளும் பென்சிலும் இருக்கும். மற்றொருவர் குடுவையிலிருந்து தேநீர் வார்த்துக்கொள்வார். இரு பிரிவுகளுக்கும் இடையே பன்முறை ஏறியும் இறங்கியும் வந்த வூஸ்டர்ஷயரின் மைதானத்தில், செவர்ன் ஆற்றின் அக்கரையில் பழைய தேவாலயத்தின் கோபுரம் தெரியும். குளிர்காலத்தில் அவ்வாறு பெருகி மைதானத்தையே மூழ்கடிப்பதுண்டு. வெள்ளம் வடிந்தபின் புல்லைத் தேற்றி மறுபடியும் ஆடுவார்கள்.

அவர்களுடைய பகலுணவு வேளையில் எனக்கு இரவு 8 மணி. அவர்கள் தேநீர் அருந்தச் செல்லும்போது எனக்கு உறக்க வேளை. விடியற்காலைப் பெரட்டுக்கு எழ வேண்டியவன் அதற்குமேல் விழித்திருத்தல் இயலாது. ஆகவே, ஒவ்வொரு நாள் ஆட்டத்தின் கடைசிப் பகுதியும் என் உறக்கத்தில்தான் நடந்து முடிகிறது. அதன் முடிவை மறுநாள் பெரட்டுக் களத்தில், இருள் பிரியாத நேரத்தில், கைப்பேசியைத் திறந்து அறிந்துகொள்வேன். இதுவே என் இன்பம். இதனைத்தான் யான் மாசி மாதம் முதலே எண்ணி எண்ணி மகிழ்கிறேன்.

நகரத்துப் பள்ளியொன்றில் ஆசிரியராயிருக்கும் என் நண்பர் சென்ற ஆண்டு என் வீட்டிற்கு வந்திருந்தார். யான் பார்த்துக்கொண்டிருந்ததைச் சிறிது நேரம் தாமும் பார்த்தார். "என்னய்யா இது? ஆடுகிறவர்க்கும் பெரிய பேர் இல்லை. பார்ப்பதற்கும் ஆள் இல்லை. முடிவும் வரக் காணோம். பார்ப்பதென்றால் முதற் பிரிவையாவது பார்க்கக் கூடாதா?" என்றார். யான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பெரிய கிராணி வேலைக்கு இருமுறை எழுதிப் போட்டீர்; இருமுறையும் கிடைக்கவில்லை. மூன்றாம் முறை இடம் காலியானபோது எழுதாமலே இருந்துவிட்டீர். இரண்டாம் படியிலேயே இன்பம் காணப் பழகிவிட்டீர் போலும். நம் பாட்டன்மாருக்கு லயத்திலே சொல்லிக் கொடுத்த பாடமும் இதுதானே? உள்ளதே போதும், கிடைத்ததே பாக்கியம், காத்திரு என்பது!" என்றார்.

அன்றிரவு எனக்கு ஆட்டம் பார்க்க மனம் செல்லவில்லை. அவர் கூறியதில் இரண்டு குற்றச்சாட்டுகள் இருந்தன. சிறிய பொருளை எதிர்நோக்குவது அறிவீனம் என்பது ஒன்று. தாழ்ந்த இடத்தில் இன்பம் காண்பது அடிமைப் புத்தி என்பது மற்றொன்று. இரண்டையும் தனித்தனியே ஆராய்வதே முறை.

முதற் குற்றச்சாட்டுக்கு விடையாக ஒரு வரலாற்றைக் கூறுகின்றேன். நார்தாம்ப்டன்ஷயர் என்னும் கவுண்டி 1905-இல் சாம்பியன் பந்தயத்தில் சேர்ந்தது. இன்றுவரை ஒரு முறையேனும் அதனை வென்றதில்லை. 1935-ஆம் ஆண்டு மே மாதத்தில் அவ்வணி சாமர்செட்டை வென்றது. அதற்கடுத்த வெற்றி 1939-ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் வந்தது. இடையே 99 ஆட்டங்கள்; ஒன்றிலும் வெற்றியில்லை. 1934 முதல் 1938 வரை ஐந்தாண்டும் பட்டியலின் கடையிடமே அதன் இடமாயிருந்தது. அக்காலத்தில் பிரிவுகள் இல்லை. ஆதலின் இறங்குவதற்கு ஒரு படியும் இல்லை.

1936, 1937, 1938 ஆகிய ஆண்டுகளின் வசந்த காலத்தில் நார்தாம்ப்டன் நகரத்துத் தோல் தொழிலாளி ஒருவனை எண்ணிப் பாருங்கள். சப்பாத்துத் தொழிலுக்குப் பேர்போன ஊர் அது. அவன் எதனை எதிர்நோக்கியிருப்பான்? வெற்றியையா? அவ்வளவு பேதையாயிருக்க மாட்டான். ஆயினும் ஆட்டம் பார்க்கச் சென்றவர் இருந்தனர். 1936-ஆம் பருவத்தின் கடைசி ஆட்டத்தில், அவ்வாண்டின் சாம்பியனாகிய டெர்பிஷயருக்கு எதிராகச் செஸ்டர்ஃபீல்டில், நார்தாம்ப்டன்ஷயரின் பேக்வெல் என்னும் ஆட்டக்காரர் 241 ஓட்டங்கள் எடுத்து ஆட்டமிழக்காது நின்றார். கடையனுக்கும் முதல்வனுக்கும் நடந்த ஆட்டத்தில் மிகச் சிறந்த மட்டையாட்டம் கடையனுடையதாயிற்று. ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. வெற்றிக்காக மட்டும் காத்திருந்தவன் அன்று ஒன்றும் பெறவில்லை. ஆட்டத்திற்காகக் காத்திருந்தவன் தன் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும் கதையைப் பெற்றான்.

அதே ஆட்டம் முடிந்து திரும்பும் வழியில் அவர் சென்ற மோட்டார் விபத்துக்குள்ளாயிற்று. உடன் சென்ற நார்த்வே என்னும் ஆட்டக்காரர் இறந்தார். பேக்வெல்லின் கை முறிந்து, அவர் அதன்பின் முதல்தர ஆட்டம் ஒன்றும் ஆடவில்லை. அடுத்த பருவத்தில் அவர் ஆட்டத்தைக் காணலாம் என்று எண்ணி வீடு திரும்பியவனுக்கு அடுத்த பருவம் அதனைத் தரவில்லை. இதனையும் மறைக்காமல் கூறவேண்டும். எதிர்நோக்குவது உறுதிச் சீட்டு அன்று.

இறுதியில், 1939 மே மாதத்தில், நார்தாம்ப்டன் மைதானத்தில் லெஸ்டர்ஷயருக்கு எதிராக டென்னிஸ் புரூக்ஸ் 187 ஓட்டங்கள் எடுக்க, அவ்வணி ஓர் இன்னிங்ஸ் வித்தியாசத்தில் வென்றது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் வந்த வெற்றி. அவ்வாண்டு செப்டம்பரிலேயே உலகப் போர் தொடங்கிற்று. 1946 வரை சாம்பியன் பந்தயமே நடைபெறவில்லை. வெற்றியில்லாத வசந்தங்களைவிட, ஆட்டமே இல்லாத அந்த ஆறு வசந்தங்கள் அவ்வூரார்க்கு எத்தகையனவாயிருந்திருக்கும்!

இதிலிருந்து யான் அறிவது யாதெனில், நாம் ஒன்றாகக் கருதும் இரண்டு உண்மையில் வெவ்வேறு என்பதே. முடிவை நாடுவது ஆசை. பொருளையே நாடுவது எதிர்நோக்கு. இவற்றைப் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. முடிவை நீக்கிவிட்டுப் பாருங்கள், எஞ்சுவது யாது? நாலு நம்பர் எடுத்துவிட்டு மாலைவரை காத்திருப்பவனும் எதிர்நோக்குபவன்போலவே காணப்படுகிறான். ஆனால், பரிசை நீக்கிவிட்டால் அவன் கையில் எஞ்சுவது கிழிக்கத் தகுந்த ஒரு துண்டுக் காகிதம். ஆட்டத்தை எதிர்நோக்குபவனிடமிருந்து வெற்றியை நீக்கினாலும் புல்லும், பந்தும், நேர்மையாக வீசப்பட்ட ஒரு பந்தை நேர்மையாகத் தடுத்த ஒருவனுடைய கால்வைப்பும் எஞ்சுகின்றன. முடிவை நீக்கியபின்னும் எஞ்சுவது எதுவோ, அதுவே எதிர்நோக்கத் தக்கது. பொருள் சிறிதா பெரிதா என்பது இங்கே கணக்கில்லை. இரண்டாம் பிரிவில் புகழ் குறைவு. ஆதலின் அங்கே எஞ்சுவது இன்னதென்று தெளிவாகத் தெரிகிறது. எனக்கு அதன்மேல் பற்று உண்டானதற்குக் காரணம் இதுவே.

முதற் குற்றச்சாட்டு இத்துடன் தீர்ந்தது எனக் கொள்வோம். இரண்டாவது அவ்வளவு எளிதில் தீராது. ஏனெனில் நண்பர் கூறியதில் பெரும்பகுதி உண்மை. பொருளை மட்டும் நாடு, பலனை நாடாதே என்று உழைப்பவனுக்கு உபதேசித்துவிட்டு, பலன் முழுவதையும் தாம் எடுத்துக்கொண்டவர் எந்நாட்டிலும் உண்டு. அவ்விளையாட்டின் வரலாற்றிலேயே அதற்குச் சான்று இருக்கிறது.

இங்கிலாந்தில் கிரிக்கெட் ஆடியோர் நெடுங்காலம் இரு சாதியாராகவே நடத்தப்பட்டனர். கூலி பெறாது ஆடும் செல்வர் ஒரு சாதி. அவர்களுக்குக் கனவான்கள் என்று பெயர். கூலி பெற்று ஆடுவோர் மற்றொரு சாதி. அவர்கள் வெறும் ஆட்டக்காரர். ஒரே அணியில், ஒரே நாளில், ஒரே பந்தைத் துரத்துபவர்க்கு உடைமாற்றும் அறை வேறு. பல மைதானங்களில் களத்தினுள் புகும் வாயிலும் வேறு. அச்சிட்ட ஓட்டத்தாளில் கனவானுக்குத் தலைப்பெழுத்து பெயருக்கு முன்னே வரும். கூலிக்காரனுக்குப் பின்னே வரும், அல்லது வாராதே போம். அணித்தலைவன் கனவானாகவே இருக்கவேண்டும் என்பது வழக்கம். லென் ஹட்டன் என்பார் 1952-இல் இங்கிலாந்து அணிக்குத் தலைவரானபோது, இருபதாம் நூற்றாண்டில் அப்பதவி பெற்ற முதற் கூலியாட்டக்காரர் அவரே. கனவான்களுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் 1806-இல் தொடங்கிய பந்தயம் 1962-இல்தான் முடிவுற்றது. அதன்பின் அப்பிரிவினையும் ஒழிக்கப்பட்டது. அதுவரை, பின்வாயில் வழியே புகுந்தவனிடம், "ஆட்டமே இன்பம், வாயிலைப் பற்றி உனக்கென்ன?" என்று கூறியவர் எத்தனை பேர் இருந்திருப்பர்!

இன்றைய இரண்டாம் பிரிவு அத்தகையதா? அன்று. அது பிறப்பினால் வந்த இடமன்று. சென்ற ஆண்டின் ஆட்டத்தினால் வந்த இடம். மேலே ஏறப் படியுண்டு. மேலே உள்ளவன் இறங்கவும் படியுண்டு. முன்னே கூறிய லெஸ்டர்ஷயரையே பாருங்கள். 1975, 1996, 1998 ஆகிய மூன்று ஆண்டுகளில் சாம்பியன் பட்டம் பெற்ற அவ்வணி 2003-இல் இரண்டாம் பிரிவிற்கு இறங்கிற்று. 2013, 2014 ஆகிய இரு பருவங்களிலும் அப்பந்தயத்தில் ஒரு வெற்றிகூட அதற்கு இல்லை. 2015 ஜூன் மாதத்தில் எஸ்ஸெக்ஸைச் செம்ஸ்ஃபோர்டில் வென்றபோது, அதற்கு முந்திய வெற்றி கிடைத்து 992 நாட்கள் ஆகியிருந்தன. அவ்வணிதான் 2025-ஆம் ஆண்டு இரண்டாம் பிரிவில் முதலிடம் பெற்று, கிளமார்கனுடன் முதற் பிரிவிற்கு ஏறியது. இருபத்திரண்டு ஆண்டுகள் இரண்டாம் படியில் இருந்தது; எனினும் எவரும் அதனை இரண்டாம் படிக்கே உரியது என்று சாசனம் எழுதிவைக்கவில்லை.

ஆனால் இங்கும் முழு நியாயம் வந்துவிட்டதென்று யான் கூற மாட்டேன். அந்தப் பதினெட்டுக் கவுண்டிகளுக்கும் கீழே வேறு இருபது அணிகள் உள்ளன. சிறு கவுண்டிகள் என்று வழங்கிவந்த அவற்றிற்கு 2020 முதல் தேசியக் கவுண்டிகள் என்று பெயர் மாற்றினர். பெயர் மாறிற்று, படி வைக்கப்படவில்லை. அங்கே முதலிடம் பெற்றவர்க்கு மேலே ஏறும் உரிமை தானாக வருவதில்லை. 1921-இல் கிளமார்கன் சேர்க்கப்பட்டது. அதன்பின் 1992-இல் டர்ஹாம் சேர்க்கப்பட்டது. இடையே எழுபத்தோர் ஆண்டுகள் கதவு திறக்கவே இல்லை. அவ்வணிகளின் ஆட்டத்தை ஒருவன் நேசிக்கலாம், நேசிக்க வேண்டும். ஆனால், அந்நேசத்தைக் காட்டி, கதவு மூடியிருப்பதே அழகு என்று கூறுவானாயின், அவன் ஆட்டத்தை நேசிப்பவனல்லன், பூட்டை நேசிப்பவன்.

ஆகவே, காத்திருப்பதும் கைகட்டி நிற்பதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினும் உள்ளே வேறு. கைகட்டி நிற்பவன் தன் இடத்தைக் காக்கிறான். காத்திருப்பவன் தான் நேசிக்கும் பொருளைக் காக்கிறான். முன்னவனுக்கு ஏறும் வாயில் திறந்தால் அச்சம் உண்டாகும். பின்னவன் அதன் வழியே போவான். போய்ச் சேராவிடினும் அவன் பொருள் அவனுடன் இருக்கும்.

கேண்டர்பரியில் கென்ட் கவுண்டியின் மைதானத்தில், எல்லைக்கோட்டுக்கு உள்ளேயே பெரிய லைம் மரம் ஒன்று நின்றது. நம் எலுமிச்சையன்று, அது ஓங்கி வளரும் நிழல் மரம். பந்து அதன்மேல் பட்டால் நான்கு ஓட்டம் என்று விதி செய்துகொண்டு, அதனை வெட்டாமலே ஆடிவந்தனர். மரம் நெடுநாள் நில்லாது என்று கண்டு, 1999-ஆம் ஆண்டிலேயே மாற்றுக் கன்று ஒன்றை நட்டுவைத்தனர். 2005 ஜனவரியில் காற்றில் பழைய மரம் வீழ்ந்தது. அதன் வீழ்ச்சிக்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்னரே அடுத்த மரம் வேரூன்றத் தொடங்கியிருந்தது.

இச்செய்தியை முதன்முறை படித்தபோது எனக்கு என் தந்தையாரின் நினைவு வந்தது. அவர் பால் வெட்டியவர். ஓய்வு பெறுவதற்கு முந்திய ஆண்டு, மறுநடவு செய்த காட்டில் கன்று நட்டார். ரப்பர்க் கன்று வெட்டுக்கு வர ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். "நீங்கள் வெட்டப் போவதில்லையே அப்பா, இவ்வளவு பார்த்துப் பார்த்து நடுகிறீர்களே" என்றேன். "நான் வெட்டாவிட்டால் என்னடா, மரம் வெட்டுக்கு வருமல்லவா?" என்றார். இதனைக் கேட்டு, அவர் உள்ளதே போதுமென்று இருந்தவர் என எவரேனும் எண்ணினால் அது பிழை. என்னை ஆங்கிலம் வழியே படிக்க வைப்பதற்காக ஓய்வு நாளிலும் வேலைக்குச் சென்றவர் அவர். கன்றைப் பேணிய அதே கைதான் என்னை லயத்திலிருந்து வெளியே தள்ளிவிட்டது. பொருளை நேசிப்பதும் படியேற முயல்வதும் ஒன்றற்கொன்று பகையல்ல என்பதை அவர் சொல்லாமலே எனக்குக் காட்டியிருந்தார். அதனை மறந்தது என் குற்றம்.

என் நண்பர் கூறியது ஆட்டத்தைப் பற்றித் தவறு. என்னைப் பற்றிச் சரி. யான் இரண்டாம் பிரிவை நேசித்ததனால் விண்ணப்பம் எழுதாமல் இருக்கவில்லை. மூன்றாம் முறையும் மறுக்கப்படுவேனோ என்னும் அச்சத்தினால் எழுதாமல் இருந்துவிட்டு, அவ்வச்சத்திற்குப் போதுமென்ற மனம் என்று பெயர் சூட்டிக்கொண்டேன். 99 ஆட்டங்களில் வெல்லாதவர் நூறாவது ஆட்டத்திற்கு உடை அணிந்து களம் புகுந்தனர். யான் இரண்டு மறுப்போடு உட்கார்ந்துவிட்டேன். அவர்களைப் பார்த்து மகிழும் தகுதி எனக்கு எங்கிருந்து வரும்?

வாசக அன்பர்களே! உங்களுக்கும் எதிர்நோக்கும் சிறு பொருள் ஒன்று இருக்கும். அது தோட்டத்துக் காற்பந்தாக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை வாசகசாலையாக இருக்கலாம். கொல்லையில் நட்ட முருங்கையாகவும் இருக்கலாம். சிறிது என்பதற்காக அதனை இகழ வேண்டாம். ஆனால், அதனை உங்கள் அச்சத்திற்குத் திரையாகவும் ஆக்க வேண்டாம்.

இவ்வாண்டுப் பந்தய அட்டவணையைப் பழைய கணக்குப் புத்தகத்தில் எழுதிவிட்டேன். பெரிய கிராணி வேலைக்கு விண்ணப்பமும் எழுதிச் சென்ற வாரம் தபாலில் சேர்த்துவிட்டேன். அதன் முடிவு என் கையில் இல்லை. ஏப்ரலில் முதல் நாள் மாலை 6 மணிக்குக் கைப்பேசியைத் திறப்பேன். அங்கே மழை பெய்துகொண்டிருந்தாலும் இருக்கும். அப்படியாயின், ஆடுகளத்தை மூடியிருக்கும் விரிப்பைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, மறுநாள் பெரட்டுக்கு எழ வேண்டுமாதலால் உறங்கச் செல்வேன்.